கேம் தியரி படிக்கலாமா? முதலில் இந்தக் கணக்கைக் கொடுங்கள்

மகள் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. கூட்டாகச் சேர்ந்து ஈட்டியதை யாருக்கு எவ்வளவு என்று நியாயமாகப் பிரிக்கும் கணிதத்தில் (கேம் தியரியின் ஒரு பிரிவு) மேற்படிப்பு கேட்கிறாள். வேலை கிடைக்குமா என்ற கவலை உங்களுக்கு. அதற்கு முன், துறை அவளுக்கு ஒத்துவருமா என்று பார்த்துவிடலாம். அரை மணி நேரம் போதும்.

அ, ஆ, இ என மூன்று பால் சேகரிப்பு நிலையங்கள். எந்த இரண்டு சேர்ந்து ஒரே வண்டி வைத்தாலும் மாதம் ரூ.60,000 மிச்சம், மூன்றும் சேர்ந்தால் ரூ.90,000, தனியாக இருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் சாலை அ–ஆ, ஆ–இ இடையே மட்டும்தான். 90,000-ஐ எப்படிப் பிரிப்பது?

ஆளுக்கு 30,000 என்றால் ஆ-வின் இடம் கணக்கில் வராமல் போகிறது. கணிதவியலாளர் லாயிட் ஷாப்லி 1953இல் தந்த முறைப்படி, மூவரும் வந்து சேரக்கூடிய 6 வரிசைகளையும் எழுத வேண்டும். ஒவ்வொருவர் வரும்போதும் கூடும் தொகையைக் குறித்து, சராசரி எடுக்க வேண்டும். இடையே தொடர்பு (இங்கே சாலை) இல்லாதவர்களைத் தனித்தனியாகவே எண்ணவேண்டும் என்பது 1977இல் பொருளியலாளர் ராஜர் மையர்சன் சேர்த்தது. பலர் தவறுவது இங்கேதான்: அ-வும் இ-யும் மட்டும் வந்திருக்கும்போது 60,000 போட்டுவிடுவார்கள். அது பூஜ்யம்; அடுத்து வரும் ஆ-வுக்கே முழு 90,000. சரியான விடை: ஆ-வுக்கு 50,000, மற்ற இருவருக்கும் 20,000.

சரிபார்க்க, ஆ–இ சாலையை வெட்டுங்கள். அ, ஆ தலா 30,000, இ-க்கு ஒன்றுமில்லை. அறுந்த இணைப்பின் இரு முனையும் 20,000 இழக்கின்றன. மையர்சன் சொல்லும் நியாயம் இந்தச் சம இழப்புதான். "நடுவில் இருப்பதற்காக இவ்வளவா?" என்று மகள் வாதாடினால் மகிழுங்கள். அந்தக் கேள்விதான் இந்தத் துறை.

அடுத்தது கணினி. 10 பேர் என்றால் வரிசைகள் 36,28,800. வரிசையைப் பார்க்காமல், யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று உட்குழுக்களாக மட்டும் எண்ணினால் 1,024தான். 30 பேருக்கு உட்குழுக்களே 107 கோடியைத் தாண்டும், அப்போது சில வரிசைகளை மட்டும் மாதிரியாக எடுத்துத்தான் மதிப்பிட முடியும். இதைப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதத் தெரிந்தால்தான் சம்பளம் வரும்.

'கேம் தியரி' என்ற பெயரில் வேலை விளம்பரம் அரிது. டேட்டா சயின்ஸ், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று தேடுங்கள். கடன் விண்ணப்பத்தை ஒரு கணினி மாடல் ஏன் நிராகரித்தது என்று விளக்க, 2017இல் வந்த 'ஷாப்' (SHAP) முறை ஷாப்லி கணக்கையே பயன்படுத்துகிறது.

மேற்படிப்புக்கு, சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் நிறுவனத்தில் டேட்டா சயின்ஸ் முதுகலை. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் குவாண்டிடேட்டிவ் எகனாமிக்ஸ். இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு உண்டு. நிகழ்தகவையும் நேரியல் இயற்கணிதத்தையும் மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிப்போடாமல் இப்போதே அவள் தொடங்கட்டும்.