அக்கா சொன்னாலும், அரசு சொன்னாலும்

கேள்வி: என் அப்பாவுக்கு எழுபது வயது. பத்து ஆண்டுகளாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். என் தோழியும் சித்தப்பாவும் அதையே அனுப்பினார்கள். தொலைக்காட்சியில் இரண்டு மருத்துவர்கள் எதிரும் புதிருமாகப் பேசுகிறார்கள். அரசு பயமில்லை என்கிறது. அரசு சொல்லாத பொய்யா? போன வாரம் இழுப்பறையைத் திறந்தால், மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கிறது. யாரைத்தான் நம்புவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த இழுப்பறை. அப்பாவின் ரத்த அழுத்தத்தை இன்றே அளந்து பாருங்கள். அவர் மாத்திரையை நிறுத்தியிருப்பதை அவருடைய மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறிவிடும். நான் மருத்துவர் இல்லை. நான் சொல்வதையும் அவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்று பேர் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று செய்திகளையும் கடிதத்தோடு இணைத்திருந்ததால் அருகருகே வைத்துப் படித்தேன். மூன்றிலும் 'சிறுநீரகம்' என்ற சொல் ஒரே வரியில், ஒரே மாதிரி பிழையாக இருக்கிறது. எழுதியவர் ஒருவர்தான், அவர் யாரென்று யாருக்கும் தெரியாது. அக்காவும் தோழியும் சித்தப்பாவும் அதைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் மட்டுமே. திரும்பத் திரும்பக் காதில் விழும் கூற்று பொய்யானாலும் மெய்போலத் தோன்றத் தொடங்கும் என்பதை 1977இலேயே அமெரிக்க உளவியலாளர்கள் சோதனையில் காட்டியிருக்கிறார்கள். நமக்குப் பிரியமானவர்கள் வழியாக வந்தால் கேட்கவே வேண்டாம்.

அந்தச் செய்தியில் துளி உண்மையும் கலந்திருக்கிறது. சில வகை ரத்த அழுத்த மாத்திரைகளைத் தொடங்கும்போது ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப் பொருள்) சற்று ஏறலாம். அதைக் கவனிக்கத்தான் மருத்துவர்கள் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். ஆனால் கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமே சிறுநீரகத்தை மெல்ல மெல்ல அரித்துவிடும். கிரியேட்டினினைச் சற்று ஏற்றும் அதே வகை மாத்திரைகளைச் சிறுநீரகத்தைக் காப்பதற்கென்றே பலருக்குக் கொடுக்கிறார்கள்.

யாரை நம்புவது என்று கேட்கிறீர்கள். எதற்கு யாரை நம்புவது என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு முப்பது ஆண்டுத் தோழி ஒருத்தி இருக்கிறாள். வீட்டுச் சாவியை யோசிக்காமல் அவள் கையில் கொடுப்பேன். நள்ளிரவில் அழைத்தாலும் வந்து நிற்பாள். ஆனால் அவள் அனுப்பும் மருத்துவச் செய்தி என்றால், 'இது உனக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்டுவிடுவேன். 'வந்தது, அனுப்பினேன்' என்பாள். இதனால் எங்கள் நட்புக்கு ஒரு குறையும் வந்ததில்லை. அப்பா சில நாட்களாகச் சோர்ந்திருக்கிறார் என்று உங்கள் அக்கா சொன்னால் அப்படியே நம்புங்கள்; அது அவர் கண்ணால் பார்த்தது.

அரசின் மீது உங்களுக்குள்ள கோபத்தைக் கைவிடச் சொல்ல மாட்டேன். 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்பனைக்கு வந்தது. குமட்டலுக்காகக் கர்ப்பிணிகளும் அதைச் சாப்பிட்டார்கள். பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாடுகளோடு பிறந்தார்கள். அதே மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கேட்டபோது, அரசின் மருந்துத் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த பிரான்சிஸ் கெல்சி, கொடுத்த சான்றுகள் போதாது என்று விண்ணப்பத்தைத் திரும்பத் திரும்பத் திருப்பி அனுப்பினார். நிறுவனம் நெருக்கியும் அசையவில்லை. ஜெர்மனியில் ஒரு மருத்துவரின் எச்சரிக்கை செய்தித்தாளில் வெளிவந்த பிறகே, 1961 நவம்பரில், மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். கோட்டை விட்டதும் அரசுதான், தடுத்ததும் அரசுதான். பத்திரிகையும் அன்று தன் வேலையைச் செய்தது. ஆகவே மொத்தமாக நம்புவதும் மொத்தமாகத் தள்ளுவதும் எனக்கு ஒரே சோம்பலாகத்தான் படுகிறது.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு இன்னும் நெருக்கமான ஒன்று. 2018 ஜூலையில் வால்சார்டான் என்ற ரத்த அழுத்த மருந்தின் சில தயாரிப்புகளில், புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதப்படும் மாசு கலந்திருப்பது தெரியவந்தது. பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எந்தெந்தத் தயாரிப்புகள் என்று வெளிப்படையாக அறிவித்துத் திரும்பப் பெற்றன. மாற்று மருந்து கிடைக்கும்வரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்றும் எச்சரித்தன. தவறை இப்படிப் பெயரும் தேதியும் போட்டுச் சொல்பவர்களின் பேச்சுக்கு நான் கூடுதலாகக் காதுகொடுப்பேன். உங்களுக்கு வந்த செய்தியில் எந்த மாத்திரை என்றுகூட இல்லை.

தொலைக்காட்சி விவாதத்தை அணைத்துவிடுங்கள். மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்திருப்பதால் மருத்துவ உலகமே பாதிப் பாதியாகப் பிரிந்து நிற்கிறது என்று ஆகிவிடாது.

அக்காவிடம் 'நீ அனுப்பியது பொய்' என்று போய் நிற்காதீர்கள். அப்பாவுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் அனுப்பியிருக்கிறார். மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். கேள்விகளை அவரே ஒரு தாளில் எழுதட்டும்: அப்பா சாப்பிடுவது எந்த வகை மாத்திரை, கடைசிப் பரிசோதனையில் கிரியேட்டினின் எவ்வளவு, அது ஏறினால் என்ன செய்வீர்கள்? மருத்துவர் எரிச்சலோடு தட்டிக்கழித்தால், அதே தாளோடு வேறொரு மருத்துவரைப் பாருங்கள்.

புறப்படும் முன் அப்பாவோடு சற்று நேரம் உட்காருங்கள். மாத்திரையை நிறுத்தியது அவர்தான். எதற்குப் பயந்து நிறுத்தினார் என்று யாரும் அவரிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.