நீண்ட நாள் நின்ற காரின் பெற்றோல் வழி: கேள்வி பதில்

கேள்வி (ஹட்டன்): அண்ணே, அப்பாவின் மொறிஸ் மைனர் 1000 பல வருடமாக ஷெட்டில் நிற்கிறது. புது பற்றரி போட்டுவிட்டேன். டாங்கியில் கொஞ்சம் பெற்றோல் இருக்கிறது. ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. முதலில் பற்றரி வயரைக் கழற்றுங்கள். நாள்பட்ட பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். மீதி காற்றோடு சேர்ந்து பிசினாகும். மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை அடிக்கும். நம் பக்கம் பனியும் ஈரமும் அதிகம். அரை டாங்கிக்குள் போகும் ஈரக்காற்று இரவுக் குளிரில் நீராகி, பெற்றோலுக்கு அடியில் தங்கித் துருவாக்கும். சாவியைப் போட்டீர்களானால் பம்ப் இந்தச் சேற்றையெல்லாம், பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேட்டருக்கு இழுத்துவிடும். டாங்கியோடு முடியவேண்டிய வேலை முழு லைனுக்கும் பரவும்.

டாங்கி டிக்கிக்கு அடியில் இருக்கிறது. காரை வெளியே தள்ளி, திறந்த வெளியில் வடியுங்கள். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது, பள்ளத்தில் தேங்கும். கராஜ் குழிக்கு மேல் இந்த வேலை கூடவே கூடாது. அப்புறம் டாங்கியைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரால் பலமுறை கழுவுங்கள். லேசான துரு என்றால் சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரை ஊற்றி ஒரு இரவு விடுங்கள். மறுநாள் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே காயவைத்து, உள்ளே கொஞ்சம் எண்ணெய் சுழற்றிவிடுங்கள். ஈரத்தோடு விட்டால் அன்றைக்கே மறுபடி துரு பிடிக்கும்.

ரப்பர் ஹோஸ் எல்லாம் புதிதாக, பெற்றோலுக்கென்றே விற்பதாக வாங்கிப் போடுங்கள். தண்ணீர்க் குழாய் வேண்டாம்.

கேள்வி (பதுளை): டாங்கியில் ஊசித் துளை. தண்ணீர் நிரப்பி வெல்டிங் அடிக்கலாம் என்கிறார்கள்.

பதில்: ஐயா, தயவுசெய்து அதற்கு விடாதீர்கள். காலி டாங்கிதான் நிறைந்த டாங்கியை விட ஆபத்து. தண்ணீர் நிரப்பினாலும் மடிப்புகளில் ஒளிந்த ஆவி ஒரு பொறிக்கு வெடிக்கும். ஊசித் துளைக்கு, டாங்கியைச் சுத்தமாக்கிக் காயவைத்த பிறகு, பெற்றோல் தாங்கும் இப்பொக்சி போதும். அடித்தட்டே அரித்திருந்தால் வேறு டாங்கி தேடுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): சாவி போட்டால் எஸ்.யூ. (SU) கம்பனியின் மின்சாரப் பெற்றோல் பம்ப் சத்தமே இல்லை. தட்டினால் ஓடுகிறது.

பதில்: உள்ளே மின்சாரம் தொட்டு விடும் பொயின்ட் கறுத்திருக்கும். தடித்த காகிதத் துண்டை இடையில் விட்டு இழுங்கள். நல்ல பம்ப் படபடவென்று தட்டி, காபரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் அடங்கும். நிற்காமல் தட்டினால் பெற்றோல் இல்லை, அல்லது உறிஞ்சும் பக்கம் காற்று புகுகிறது. அடங்காமல் கிண்ணமும் வழிந்தால், கிண்ணம் நிறைந்ததும் பெற்றோலை அடைக்கும் ஊசி வால்வைப் பாருங்கள்.

கேள்வி (பண்டாரவளை): 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில் கேனில் சேர்த்த பெற்றோல் இருக்கிறது. கலந்து ஓட்டலாமா?

பதில்: கூடாது. வடிகானிலோ பீலிக்கரையிலோ ஊற்றவும் வேண்டாம் தங்கச்சி, கீழ் லயத்து ஆட்கள் குடிக்கிற தண்ணீர் அது. கழிவு எண்ணெய் எடுக்கும் கராஜில் கேட்டுக் கொடுங்கள்.

கேள்வி (நுவரெலியா): கொழும்பில் டியூன் பண்ணிய மைனர் இங்கே கறுப்புப் புகை விடுகிறது.

பதில்: முதலில், குளிரில் ஸ்டார்ட் பண்ணப் பெற்றோலைக் கூட்டும் சோக்கைப் பாருங்கள். எஸ்.யூ. காபரேட்டரில் சோக் இழுத்தால், பெற்றோல் வரும் துளையான ஜெட் கீழே இறங்கும். நெடுநாள் நின்ற காரில் அது மேலே திரும்பாமல் ஒட்டிக்கொள்ளும். அது சரியென்றால் காரணம் உயரம். நுவரெலியா 1,868 மீட்டர். கடற்கரையை விடக் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைவதால் பெற்றோல் மிஞ்சுகிறது.

இன்ஜினைச் சூடாக்கி, ஜெட்டுக்கு அடியிலுள்ள ஆறுமுக நட்டை ஒரு முகம் மேலே திருப்புங்கள். பிறகு இன்ஜின் ஓடும்போதே காபரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் இன்னும் பெற்றோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. லேசாகக் கூடித் தணிந்தால் சரி. எத்தனை முகம் திருப்பினீர்கள் என்று குறித்துவையுங்கள். கொழும்புக்கு இறங்கி அங்கேயே ஓட்டுவதானால் அத்தனை முகம் கீழே இறக்க வேண்டும், இல்லையேல் இன்ஜின் சூடேறும்.