மரவள்ளிப் பசையும் கடுக்காய் மையும்: ஓவிய ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்களுக்குப் பதில்கள்

சேலம் வட்டாரத்தில் ஓவிய ஆசிரியர் பயிற்சி பெறுகிறவர்கள் செய்முறைப் பட்டறை பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, பணி ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியரான நான் பதில் எழுதுகிறேன்.

ஓமலூர் மாணவி: ஐயா, வரையத் தெரிந்துதான் வந்திருக்கிறோம். பட்டறையில் தாளைக் கிழி, களிமண் பிசை என்கிறார்கள். இது எங்களுக்கா, குழந்தைகளுக்கா?

உங்களுக்குத்தான் அம்மா. ஆலையில் செய்த தாள் ஒரு வாட்டத்தில் நேராகக் கிழியும், மறு வாட்டத்தில் கோணும். இதைக் கையால் அறியாத ஆசிரியர், தாள் கோணலாகக் கிழிந்த பிள்ளையைக் கவனமில்லை என்று கடிந்துகொள்வார். அறிந்தவர், தாளைத் திருப்பிப் பிடிக்கச் சொல்வார். ஜெர்மனியில் 1919-இல் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியிலும் யோஹானஸ் இட்டன் என்ற ஆசிரியர் புதிய மாணவர்களை முதலில் பொருள்களைத் தொட்டுப் பழகத்தான் வைத்தார்.

ஆத்தூர் மாணவர்: வகுப்பில் நாற்பது பிள்ளைகள். வண்ணம் வாங்கப் பணமில்லை.

ஆத்தூரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா தம்பி? சுற்றிலும் மரவள்ளி விளைகிறது, ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. மரவள்ளி மாவு ஒரு பங்கை அதே அளவு குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் எட்டுப் பங்கு நீரில் ஊற்றிக் கிளறுங்கள். வெண்மை போய்ப் பளபளப்பு வந்ததும் இறக்கிவிடலாம். ஆறியதும் மஞ்சள்தூளோ சலித்த செம்மண்ணோ கலந்து தாளில் பூசி, ஈரம் காயுமுன் பழைய சீப்பால் இழுத்தால் அலையும் பின்னலும் வரும். நைஜீரியாவின் யொரூபா இனப் பெண்கள் இதே மரவள்ளிப் பசையால் துணியில் வரைந்து, அவுரிச் சாயத்தில் முக்குகிறார்கள். பசை இருந்த இடத்தில் சாயம் ஏறாது. நம் ஊர்க் கிழங்குக்கு அங்கே இப்படியொரு வாழ்வு இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கண்கள் விரியும்.

பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்க்கும் வழக்கம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கைக்கு ஆகாது. அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள்.

ஏற்காடு மாணவி: மலைக் கிராமப் பள்ளிக்குப் போகப்போகிறேன். அங்கே என்ன கிடைக்கும்?

காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் இலையின் பின்புறத்தில் வண்ணம் தடவி அச்செடுங்கள், நரம்பெல்லாம் பதியும். ஆனால் நான் முதலில் கற்றுத்தரச் சொல்வது கடுக்காய். துருப்பிடித்த ஆணிகளை வெல்ல நீரில் இரண்டு மூன்று வாரம் ஊறவிடுங்கள். கடுக்காய்ச் சாற்றில் நனைத்து உலர்த்திய துணியில் அந்த நீரால் கோடிழுத்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு கறுக்கும். துணியில் ஓவியம் தீட்டும் கலம்காரிக் கலைஞர்களின் கறுப்பு இதுதான். ஓவிய வகுப்பு நடக்கும்போதே வேதியியலும் நடந்துவிடுகிறது.

மேட்டூர் மாணவர்: ஏழு வயதுப் பிள்ளை வீட்டை வரைந்திருக்கிறது. சுவர் வழியே உள்ளே அம்மா சமைப்பது தெரிகிறது. திருத்தலாமா?

தொடவே தொடாதீர்கள். ஏழு முதல் ஒன்பது வயதில் பிள்ளைகள் இப்படி வரைவது இயல்பு என்று கலைக் கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்டு 1947-இலேயே எழுதிவிட்டார். அந்தப் பிள்ளைக்கு வீடு என்றால் உள்ளே இருக்கும் அம்மாவும் சேர்ந்ததுதான். கரும்பலகையில் "சரியான வீடு" ஒன்றை நீங்கள் போட்டுவிட்டால், மறுநாள் நாற்பது தாளிலும் அதே வீடுதான் இருக்கும். எனக்கு இதைவிட வருத்தம் தரும் காட்சி இல்லை. "அம்மா என்ன சமைக்கிறார்?" என்று கேளுங்கள், படம் தானே வளரும்.

சேலம் மாணவி: பட்டறை முடிவில் கண்காட்சிக்குச் சிறந்த பத்துப் படங்களை மட்டும் வைக்கலாமா?

கூடாது. எல்லாருடையதும் சுவரில் ஏற வேண்டும்.

தாரமங்கலம் மாணவர்: எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பட்டறையைக் கொண்டுவந்தால் என்ன வரையலாம்?

கைலாசநாதர் கோயில் தூண்களில் உள்ள வாலி வதைச் சிற்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இராமன் நிற்கும் இடத்திலிருந்து வாலி தெரிவான், வாலி இருக்கும் இடத்திலிருந்து இராமன் தெரியமாட்டான். பாதிப் பேரை இராமன் பக்கமும் மீதிப் பேரை வாலி பக்கமும் உட்காரவைத்து வரையச் சொல்லுங்கள். பிறகு தாள்களை அருகருகே வைத்து, தூண் எதை மறைத்தது என்று அவர்களையே பேசவிடுங்கள். காலை வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், நடை சாத்தும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.