மனைவியின் காப்பில் நடக்கும் விலைப் போட்டி

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் அப்பா காலத்திலிருந்து பலசரக்குக் கடை நடத்துகிறோம். இந்த வருடம் பக்கத்தில் ஒரு பெரிய கடை திறந்தார்கள். நான் மட்டக்களப்பில் மொத்தமாக வாங்கும் விலையை விடக் குறைவாக அங்கே சீனியும் பருப்பும் விற்கிறார்கள். நானும் நட்டத்துக்கு விற்றுத்தான் ஆட்களைப் பிடித்து வைத்திருக்கிறேன். மனைவியின் காப்பு வங்கியில் இருக்கிறது, பிறகு மீட்கலாம். இப்படி விற்பதைத் தடுக்கச் சட்டம் இல்லையா?

பதில்: தம்பி, இந்தக் கடிதம் வாழைச்சேனையிலிருந்தும் வந்திருக்கிறது, கல்முனையிலிருந்தும் வந்திருக்கிறது. சட்டத்துக்குப் பிறகு வருகிறேன். “காப்பு வங்கியில் இருக்கிறது” என்று ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விட்டீர்களே, அவரிடம் கேட்டா வைத்தீர்கள்? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். தாய்வீட்டார் போட்ட நகை அவருடையது, நாளைக்கு மகளுக்குப் போக வேண்டியது. அதைச் சீனி விலையில் கரைக்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

நட்டத்துக்கு விற்று மற்றவனை விரட்டும் வியாபாரத்தில், அதிக காலம் தாங்கக்கூடியவன்தான் மிஞ்சுவான். அவர்கள் இங்கே விடுவதை வேறு ஊர்க் கிளைகளில் எடுப்பார்கள். பருப்பில் விடுவதைச் சவர்க்காரத்திலும் பிஸ்கட்டிலும் எடுப்பார்கள். நீங்கள் எதில் எடுக்கப்போகிறீர்கள்? கூட விற்றால் உங்கள் நட்டமும் கூடும், அடகு வட்டியும் ஏறும்.

அவர்கள் உண்மையிலேயே நட்டத்துக்கு விற்கிறார்களா என்பதும் உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வாங்கும் சீனி இரண்டு மூன்று கை மாறி வருகிறது. இறக்குமதியாளரிடம் லொறிக் கணக்கில் எடுப்பவருக்கு உங்கள் கொள்விலையே இலாப விலையாக இருக்கலாம். சட்டம் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். எது அடக்கவிலை, எது திறமை, எது ஒருவனை ஒழிக்கும் திட்டம் என்று பிரிப்பது கடினம். மலிவாக வாங்கும் சனமும் முறையிடாது.

1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் நியாய வர்த்தக ஆணைக்குழுவுக்கு ஏகபோகங்களையும் நிறுவன இணைப்புகளையும் விசாரிக்க அதிகாரம் இருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அதைக் கைவிட்டுவிட்டது. இன்றைய பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போட்டியைக் கெடுக்கும் நடத்தையை விசாரிக்க முடியும். ஆனால் அதன் அதிகாரிகளை நாம் காண்பது விலை கூட்டி விற்பவர்களையும் காலாவதிப் பொருட்களையும் பிடிக்கும்போதுதான். நாட்டுக்கு இது பெரிய குறை, சரிசெய்தே ஆக வேண்டும்.

வலுவான சட்டம் உள்ள இடத்திலும் வேகம் இல்லை. சிறிய போட்டியாளரை விரட்ட விலையைக் குறைத்த அக்சோ என்ற இரசாயன நிறுவனத்துக்கு ஐரோப்பிய ஆணைக்குழு 1985இல் அபராதம் போட்டது. நீதிமன்றத்தின் இறுதி முடிவு வந்தது 1991இல். அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1993இல், அடக்கத்துக்குக் கீழே விற்றதைக் காட்டினால் மட்டும் போதாது, பின்னர் விலையேற்றி அந்த நட்டத்தை எடுக்க வழி இருந்ததையும் காட்ட வேண்டும் என்றது. அவ்வளவு காலம் காப்பு காத்திருக்குமா?

ஆனால் அந்த 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உங்களுக்கு ஒரு விசயம் இருக்கிறது. விரட்டியவர் விலையை ஏற்றும் நாளில் பக்கத்தில் வேறு கடை இருந்தால் அவர் போட்ட திட்டம் பலிக்காது. அதனால் நீங்கள் அவர்களுடைய விலைக்கு இறங்கவே தேவையில்லை, கடையை மூடாமல் இருந்தால் போதும். நாளையிலிருந்து நட்ட விற்பனையை நிறுத்துங்கள். சீனியையும் பருப்பையும் குறைவாக எடுங்கள். அவர்கள் கொடுக்காததை நீங்கள் கொடுங்கள்: ஐம்பது கிராம் மிளகாய்த்தூள், விடியப்புறம் திறந்த கதவு, சம்பள நாள் வரைக்கும் கடன். அந்தக் கடனும் நம்பிக்கையானவருக்கு மட்டும், ஒரு எல்லையோடு. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களோடு சேர்ந்து சரக்கை ஒரே லொறியில் எடுங்கள். திகதியும் விலையும் எழுதி, பற்றுச்சீட்டு வைத்து, எல்லோருமாகக் கையெழுத்திட்டு அதிகாரசபைக்கு முறைப்பாடும் கொடுங்கள். பலன் வர நாளெடுக்கும், இருந்தாலும் கொடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், இன்று இரவே அடகுச் சீட்டையும் கடன் கொப்பியையும் மனைவியிடம் கொடுத்து, எவ்வளவு போயிருக்கிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். கடையில் வரும் முதல் இலாபம் காப்பை மீட்கப் போகட்டும். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொண்டிருங்கள், குறுக்கே பேசாதீர்கள்.