செல்போன் டவர் கேள்வி-பதில்: எத்தனை அழைப்பில் எத்தனை?

திருப்பாதிரிப்புலியூர் செக்டர் (டவரின் ஒரு பக்க ஆன்டெனா பார்க்கும் பகுதி) ஒன்றில் கால் ட்ராப், அதாவது பேச்சு நடுவில் அறுவது, 12 சதவீதம். டில்ட்டை (ஆன்டெனாவின் சாய்வை) இறக்கலாமா?

எத்தனை அழைப்பில் 12 சதவீதம்? அதை எழுதவில்லை. ஷீட்டின் ஓரத்தில் நானே தேடி எடுத்தேன்: விடிகாலை 3 மணி, மொத்தம் 25 அழைப்பு, அறுந்தது 3. ரயிலில் போன ஒரே ஆள் மூன்று தடவை முயன்றிருந்தாலும் இந்தக் கணக்கு வந்துவிடும். அதே செக்டரில் மாலை 7 மணிக்கு 1,400 அழைப்பு, அறுந்தது 9. அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அந்த 3 அழைப்புக்காக டில்ட்டில் கை வைத்தால் மாலையில் பேசுகிற அத்தனை பேரையும் கெடுப்பீர்கள்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு மேலதிகாரி இருந்தார். காலை ரிப்போர்ட்டில் சிவப்புக் கட்டம் தெரிந்தால் போதும், பையனை டவர் ஏறச் சொல்லிவிடுவார். வெயிலில் ஏறி இறங்கியபின் பார்த்தால், இரவெல்லாம் 8 அழைப்பு மட்டுமே ஓடிய செல் (செக்டரைத்தான் இப்படியும் சொல்வோம்). இதன் மறுபக்கம் இன்னும் மோசம்: 24 மணி நேர சராசரி பச்சையாக இருக்கும், பிஸி ஹவரில் ஊரே திட்டிக்கொண்டிருக்கும். சராசரியை நம்பாதீர்கள்.

தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்த செக்டரில் ட்ராப் அதிகம். ஊருக்குள் புகாரே இல்லை.

டைமிங் அட்வான்ஸ் (போன் டவரிலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டும் எண்) பார்த்தீர்களா? எல்டிஇயில் (4ஜி) ஒரு படி சுமார் 78 மீட்டர். 150, 200 படிகளில் ஆள் இருந்தால் அது 12, 16 கிலோமீட்டர். படகில் இருந்து பேசுகிறார்கள். அதற்கு அப்பால் கைமாற்றிவிட வேறு செல் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகு போகாது. அந்த நாட்களின் ட்ராப் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ட்ராப் இறங்கியிருந்தால் ஆன்டெனாவைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

புதுச்சேரி பீச் ரோட்டில் ஞாயிறு மாலை ஆர்எஸ்ஆர்பி (சிக்னல் பலம்) மைனஸ் 80, நல்ல அளவுதான். நெட் நகரவில்லை.

கூட்டம். பிஆர்பி (செல் பங்கிட்டுக் கொடுக்கும் அலைவரிசைத் துண்டுகள்) பயன்பாட்டைப் பாருங்கள்.

ஹேண்டோவர் (ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றுவது) வெற்றி 99 சதவீதம், ஆனால் வில்லியனூர் ரோட்டில் ஓரிடத்தில் தினமும் அறுகிறது.

பக்கத்து செல் நெய்பர் பட்டியலிலேயே இல்லாவிட்டால் முயற்சியே நடக்காது. நடக்காத முயற்சி தோற்காது. முயற்சி எண்ணிக்கையைப் பாருங்கள். (மறுபடி எண்ணிக்கைதான், சார்!)

வீராம்பட்டினத்தில் 2300 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் விடிகாலையில் அப்லிங்க் (போனிலிருந்து டவருக்கு வரும் பக்கம்) இரைச்சல் ஏறுகிறது, 9 மணிக்கு மேல் தானாக இறங்குகிறது. ரேடியோவை மாற்றியும் பயனில்லை.

மாற்றும் முன் கேட்டிருக்கலாம். சுற்றியுள்ள செல்களும் அதே நேரத்தில் ஏறி இறங்கினால் அது காற்றின் வேலை. கீழே குளிர்ந்த காற்று, மேலே சூடான காற்று என்று அடுக்கு படிந்தால் அலை அதற்குள் சிக்கி வெகுதூரம் ஓடும். கடலோரத்தில் இது சகஜம். 2300 பேண்ட் ஓடும் டிடிடி முறையில் போவதும் வருவதும் ஒரே அலைவரிசை, நேரம்தான் மாறி மாறி. 200 கிலோமீட்டர் தள்ளியுள்ள டவரின் டவுன்லிங்க் (டவர் அனுப்புவது) 0.7 மில்லி செகண்ட் தாமதமாக வந்து, கார்டு பீரியடை (இரண்டுக்கும் நடுவே விடும் இடைவெளியை) தாண்டி, உங்கள் அப்லிங்க்கில் விழுகிறது. ஒரே ஒரு செல் மட்டும் ஏறினால் கதை வேறு, அக்கம்பக்கத்தில் யாராவது ரிப்பீட்டர் (சிக்னலைப் பெருக்கும் பெட்டி) மாட்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

ரிப்போர்ட் முழுவதையும் அனுப்பியுள்ளேன், பார்த்துச் சொல்லவும்.

400 வரி! மணி, செக்டர், முயற்சி, தோல்வி: இந்த நாலை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

மழை பெய்தால் ஒரு செக்டர் மட்டும் படுத்துவிடுகிறது.

விஎஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவுக்குப் போகும் பவரில் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் அளவு) எவ்வளவு? 1.5 என்றால் 4 சதவீத பவர் திரும்புகிறது, 2 என்றால் 11. நம் உப்புக் காற்றில் ஜம்பர் (ஆன்டெனாவுக்குப் போகும் குட்டை கேபிள்) கனெக்டர் மேல் சுற்றிய டேப் சீக்கிரமே வாயைப் பிளந்துவிடும். கழற்றிப் பாருங்கள், உள்ளே பச்சை பூத்திருக்கும்.