செல்டா கேம்களில் எப்போதும் ஒரே கதைதானா?

கேள்வி: 'த லெஜண்ட் ஆஃப் செல்டா' வீடியோ கேம் வரிசையில் ஒவ்வொரு தடவையும் நாயகன் லிங்க் கிளம்புவான், வாளை எடுப்பான், வில்லன் கேனனை வீழ்த்துவான். 1986-லிருந்து இதையே செய்தும் ஏன் இன்னும் எடுபடுகிறது?

பதில்: (பல கேம்களின் முடிவுகள் வரை பேசியிருக்கிறேன், விளையாடாதவர்கள் கவனம்.)

திரும்பத் திரும்ப வருவது ஒரு கதைச் சட்டகம். 1986-இல் வந்த முதல் கேமில் அது இல்லை. எட்டுத் துண்டாகக் கிடக்கும் ட்ரைஃபோர்ஸ் என்ற மந்திர முக்கோணத்தைச் சேர்த்து, கேனனை வெள்ளி அம்பால் முடித்தால் வேலை தீர்ந்தது. 1991-இல் 'எ லிங்க் டு த பாஸ்ட்'தான் கதையை நடுவில் இரண்டாகப் பிளந்தது. முதலில் மூன்று பதக்கங்கள் தேடுகிறோம். அவை கையில் இருந்தால்தான் மாஸ்டர் ஸ்வார்ட் என்ற மந்திர வாளை உருவ முடியும். வாளோடு மந்திரவாதி அகானிமை எதிர்த்தால், இருள் உலகத்தில் போய் விழுகிறோம். அங்கே ஏழு பெண்களை மீட்கும், இன்னும் பெரிய வேலை காத்திருக்கிறது. மூன்று பொருள், ஒரு வாள், ஒரு திருப்பம், அப்புறம் இன்னொரு நீண்ட தேடல். பின்னால் வந்த பல கேம்கள் இந்த எலும்புக்கூட்டின் மேல்தான் நிற்கின்றன.

இதற்கு உயிர் கொடுத்தது 1998-இல் வந்த 'ஆக்கரினா ஆஃப் டைம்'. சிறுவன் லிங்க் மூன்று ஆன்மிகக் கற்களைச் சேர்த்து, காலத்தின் ஆலயத்தில் வைத்து, ஆக்கரினா என்ற ஊதுகருவியில் காலப் பாடலை வாசிக்கிறான். கதவு திறக்கிறது, வாளை உருவுகிறான். கேனனின் மனித உருவமான கேனன்டார்ஃப் காத்திருந்ததே அந்தக் கதவுக்காகத்தான். லிங்க் திறந்த வழியாகவே அவன் புனித உலகத்துக்குள் நுழைந்து ட்ரைஃபோர்ஸைத் தொடுகிறான். லிங்க் ஏழு வருடம் உறங்கி எழுந்து வெளியே வந்தால், முன்பு ஆட்கள் ஆடிப்பாடிக் கொண்டிருந்த சந்தையில் நடைபிணங்கள் நிற்கின்றன.

என் கணிப்பில் இந்த வரிசையின் மிக வலுவான மரபு இதுதான்: நாம் சரியாகச் செய்து முடித்த காரியமே எதிரிக்கு உதவுகிறது. 2002-இன் 'த விண்ட் வேக்கர்' இதைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொள்கிறது. மூன்று முத்துகளைச் சேர்த்து, கடலுக்கடியில் உறைந்து கிடக்கும் ஹைரூல் ராஜ்யத்தில் வாளை உருவுகிறோம். தன்னைக் கட்டிவைத்த முத்திரையே அந்த வாள்தான் என்று கேனன்டார்ஃப் பிறகு சொல்கிறான். போதாததற்கு வாளும் சக்தி இழந்து கிடக்கிறது. 2006-இன் 'ட்வைலைட் பிரின்சஸ்'ஸில் பாடுபட்டுச் சேர்த்த மூன்று நிழல் துண்டுகளையும் ஸாண்ட் என்ற வில்லன் வந்து பிடுங்கிக்கொண்டு போகிறான். லிங்க் பேசாத நாயகன் என்பது இங்கே பெரிதாகக் கைகொடுக்கிறது. அவன் வாய்விட்டுப் புலம்பினால் தவறு அவனுடையதாகிவிடும். அவன் வாயைத் திறக்காததால், பட்டனை அழுத்திய நம் தலையில்தான் அது விடிகிறது.

இன்னொரு மரபு, ஒரே இடத்தை இரண்டு நிலையில் காட்டுவது: ஒளி உலகமும் இருள் உலகமும், சிறுவயதும் வளர்ந்த வயதும். இதன் உச்சம் 2000-இன் 'மஜோராஸ் மாஸ்க்'. மூன்று நாளில் நிலா விழுந்து ஊர் அழியும். காலப் பாடலை வாசித்தால் முதல் நாளுக்குத் திரும்பலாம். முகமூடிகளும் முக்கியக் கருவிகளும் மட்டும் நம்மோடு வரும். அம்பு, குண்டு எல்லாம் போய்விடும், வங்கியில் போடாத பணமும் போய்விடும். அஞ்சு, காஃபெய் என்ற காதல் ஜோடியைச் சேர்த்துவைக்க மூன்று நாளும் வேண்டும். இடையில் ஒரு சந்திப்பைத் தவறவிட்டாலும் மறுபடி முதலிலிருந்துதான். எல்லாம் சரியாக நடந்தால், நிலா விழக் கொஞ்ச நேரமே இருக்கும்போது காஃபெய் வந்து சேர்கிறான். இருவரும் ஒரு முகமூடியை நம்மிடம் தந்துவிட்டு, ஓடாமல் அங்கேயே இருந்து விடியலைச் சேர்ந்து வரவேற்கப் போவதாகச் சொல்கிறார்கள். அடுத்து நாம் காலத்தைத் திருப்பியாக வேண்டும். திருப்பினால் அவர்கள் சேர்ந்ததும் அழிந்துவிடும். கேனனும் இல்லை, மாஸ்டர் ஸ்வார்டும் இல்லை. ஆனாலும் செல்டா கதை சொல்லலில் இதற்கு மேல் ஒன்றை நான் சொல்ல மாட்டேன்.

இதே ஆட்கள் ஏன் கேமுக்குக் கேம் மறுபிறவி எடுக்கிறார்கள் என்பதற்கு 2011-இன் 'ஸ்கைவர்ட் ஸ்வார்ட்' டிமைஸ் என்ற அசுர அரசனின் சாபத்தைக் காரணமாகச் சொன்னது. எனக்கு அது அவ்வளவு அவசியமாகப் படவில்லை.

சட்டகம் ஆட்டம் கண்டது ஓப்பன் வேர்ல்டில், அதாவது இஷ்டப்படி எங்கும் போகக்கூடிய உலகத்தில். நடுவில் திருப்பம் வைக்க வேண்டுமானால், ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார் என்று கேமுக்குத் தெரிய வேண்டும். 2017-இன் 'பிரெத் ஆஃப் த வைல்ட்'டில் ஆட்டம் தொடங்கும் பீடபூமியை விட்டு இறங்கியதுமே நேராகக் கேனனிடம் போகலாம். எனவே லிங்க் கேனனிடம் தோற்றதை 100 வருடம் பின்னால் தள்ளி, நினைவுத் துண்டுகளாக உடைத்தார்கள். எந்த வரிசையில் பார்த்தாலும் இளவரசி செல்டாவின் மனசு புரியும், பெரிதாக எதுவும் கெடாது.

2023-இன் 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' அங்கேதான் சறுக்கியது. நான்கு பகுதிக் கோயில்களை எந்த வரிசையிலும் முடிக்கலாம் என்பதால், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு பழைய ஞானி வந்து ஏறக்குறைய அதே போர்க் கதையை மறுபடி சொல்கிறார். தரையில் வரைந்த பெரிய நில ஓவியங்களில் கிடைக்கும் டிராகன் கண்ணீர்க் காட்சிகளோ ஒன்றன் பின் ஒன்றாக வளரும் மர்மம். செல்டா என்ன ஆனாள் என்பதை முன்பே பார்த்துவிட்டால், ஊரே அவளைத் தேடும்போது உண்மை தெரிந்த லிங்க் ஊமையாக நிற்கிறான். மற்ற கேம்களில் பலமாக இருந்த மௌனம் இங்கே ஓட்டையாகிறது.

இந்தக் கேமை இப்போது தொடங்குகிறீர்கள் என்றால், இம்பா என்ற பாத்திரத்தோடு முதல் நில ஓவியத்தைப் பார்த்ததும் மறந்துபோன ஆலயத்துக்குப் போய்விடுங்கள். அங்கே தரையில் ஓவியங்கள் இருக்கும் இடங்களின் வரைபடமும், சுவரில் அவற்றின் வரிசையும் இருக்கும். அந்த வரிசையில் 11 கண்ணீரையும் பாருங்கள், 12-ஆவதான கடைசிக் கண்ணீர் அதற்குப் பிறகு தானாகத் தோன்றும். ஒன்றிரண்டு கோயில்களை முடிக்கும் இடைவெளியில் மூன்று நான்கு காட்சிகள் என்று பிரித்துக்கொண்டால் மர்மமும் சீக்கிரம் உடையாது.