வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு: போட்ட பணம் திரும்ப வருமா?

பெரும்பாலும் வரும், எத்தனை ஆண்டில் என்பது வீட்டைப் பொறுத்தது. சூரிய மின்தகடு என்பது ஒளியை நேரடியாக மின்சாரமாக மாற்றும் சிலிக்கான் பலகை. வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீடு வாங்குவது போன்றது இது: செலவு மொத்தமாக முன்னால் வந்துவிடும், பலன் மாதாமாதம் மின்கட்டணத்தில் தெரியும். தகடுகள் 25 ஆண்டுகள் வரைகூட உழைக்கும்; தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர் கருவியை இடையில் மாற்ற நேரிடும், அதையும் கணக்கில் சேருங்கள். பகலில் அதிக மின்சாரம் செலவாகும் வீட்டுக்கு லாபம் சீக்கிரம் கிடைக்கும். நிழலை மட்டும் அலட்சியம் செய்யவே கூடாது. தகடுகள் ஒன்றோடொன்று தொடராக இணைக்கப்படுவதால், தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒன்றின் மேல் விழுந்தாலே மற்றவற்றின் உற்பத்தியும் குறையலாம்.

தகடு போட்டால் மின்வெட்டே இருக்காது என்று பலர் நம்புகிறார்கள்; பேட்டரி இல்லாமல் பொது மின்கம்பியோடு இணைந்த அமைப்பு, கம்பியில் பழுது பார்ப்பவர்களின் உயிர்ப் பாதுகாப்புக்காக, மின்வெட்டின்போது தானாகவே நின்றுவிடும்.